தொப்பி பறித்த குற்றச்சாட்டும் நிற்க மறுத்த டீசல் இன்ஜினும்

அனுப்புநர்:
ஜெர்லாண்டா ஷோர்த்தினோ,
(லிபோரியோ கம்பிசியின் மனைவி),
கலங்கரை விளக்கச் சாலை,
கலாசேக்கா தீவு, சிசிலி.

பெறுநர்:
மாண்புமிகு மாகாண ஆட்சியர் அவர்கள்,
ஆட்சியர் அலுவலகம்,
மாகாணத் தலைநகர்.

பொருள்: புனித பர்த்தலமேயு திருவிழாப் பவனியின்போது காரின் இன்ஜினை அணைக்க மறுத்ததாகவும், நகராட்சிக் காவல் தலைவரின் தொப்பியைப் பறித்துச் சேதப்படுத்தியதாகவும் கூறி என் ஓட்டுநர் உரிமத்தைப் பறித்ததை எதிர்த்து மேல்முறையீடு – உரிமத்தை உடனே திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மேற்படி காவல் தலைவர் திரு. காஸ்பரே கம்பிசி அவர்கள் தம் கைப்பட எழுதிய ஆணை.

மதிப்பிற்குரிய ஐயா,

பார்வையில் கண்ட ஆணையை நான் பலமுறை படித்தேன். அதில் என் கார் நின்ற இடமும் திருவிழாவின் பெயரும் மட்டுமே உண்மை. மற்றவற்றைக் கீழே வரிசையாக மறுத்திருக்கிறேன். தங்கள் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு வருந்துகிறேன். அதற்கும் காரணம் காவல் தலைவர்தான்.

1. காவல் தலைவர் என் கணவரின் உடன்பிறந்த தம்பி. இதைப் பிறர் வாயால் தாங்கள் கேட்கும்முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆணையில் அவர் என்னை "மேற்படி பெண்மணி" என்று குறிப்பிட்டிருக்கிறார். எனக்குக் கல்யாணமான நாள்முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு மேசையில் உட்கார்ந்து, என் கையால் சமைத்த கத்தரிக்காய் கப்போனாத்தாவை இரண்டாவது தட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர் அவர். என் பெயர் மறந்துபோக நியாயமில்லை.

2. என் கணவர் லிபோரியோவுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் அவரைத் துறைமுகத்து மருத்துவ நிலையத்துக்கு டயாலிசிஸுக்கு அழைத்துப் போக வேண்டும். எங்கள் வீடு தீவின் மறு கோடியில் இருக்கிறது. பேருந்து கோடையில் சுற்றுலாப் பயணிகளுக்காக ஓடும், குளிர்காலத்தில் ஓட்டுநருக்கு மனசு வந்தால் ஓடும். ஆகவே எங்களுக்குக் கார் சொகுசுப் பொருள் அல்ல. அந்தக் காரை வாங்கச் சொன்னவரும் காவல் தலைவர்தான். நகராட்சி அவருக்குக் கொடுத்த கார் அதே இன்ஜின் கொண்டது. "அண்ணி, கண்ண மூடிட்டு வாங்குங்க. டீசல் வண்டி. இது சாகவே சாகாது" என்றார். அந்த வாக்கு பிற்பாடு எப்படிப் பலித்தது என்பதை எட்டாம் பத்தியில் காண்க.

3. ஆணையில் இன்ஜினைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததால் அதையும் நானே எழுத வேண்டியிருக்கிறது. நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு, ஆயிரத்து முந்நூறு சிசிக்குச் சற்றுக் குறைவு, எழுபத்தைந்து குதிரைத்திறன், மூச்சுக்கு ஒரு டர்போ. பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி. கொஞ்சமாகக் குடிக்கும், நன்றாக இழுக்கும். குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. அது நிறைந்ததும் இன்ஜின் கூடுதலாக டீசலைத் தெளித்து, அந்தக் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். அதற்குக் கால் மணி நேரமாவது நிறுத்தாமல், நல்ல வேகத்தில் ஓட வேண்டும். பாதியில் அணைத்தால் கரி அப்படியே தங்கிவிடும், தெளித்த டீசல் கீழே இறங்கி இன்ஜின் ஆயிலோடு கலந்துவிடும்.

4. இங்கேதான் எங்கள் தீவின் வழக்கம் குறுக்கே வருகிறது. தாங்கள் தலைநகரவாசி. எங்களைத் தெரிந்திருக்காது. எதிரில் தெரிந்தவர் வந்தால் இங்கே காரை நிறுத்துவோம், இன்ஜினையும் அணைப்போம். இன்ஜின் ஓட ஓட ஒருவரிடம் பேசினால், "சீக்கிரம் முடி, எனக்கு வேலை இருக்கிறது" என்று முகத்தில் அடித்ததாக அர்த்தம். எதிரில் வருபவர் எல்லாருமே இங்கே தெரிந்தவர்கள். வீட்டிலிருந்து துறைமுகம் போய்ச் சேர்வதற்குள் மேய்ப்பருக்கு ஒருமுறை, பாதிரியாருக்கு ஒருமுறை, ரொட்டிக்கடை அசுந்தாவுக்கு ஒருமுறை என்று இன்ஜினை அணைத்து அணைத்தே போக வேண்டும்.

5. வாங்கி ஓராண்டுக்குள், வடிகட்டி அடைத்ததைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது. வண்டி மேட்டில் திணறியது. துறைமுகத்து மெக்கானிக் பிப்போ பார்த்துவிட்டு, "ஜெர்லாண்டாக்கா, வண்டிக்கு ஒண்ணுமில்ல. ஊருக்குத்தான் வியாதி. உப்பளத்து ரோட்டுல மூணாவது கியர்ல விரட்டுங்க. யார் கை காட்டினாலும் நிக்காதீங்க" என்றார். அவ்வாறே செய்தேன். விளக்கு அணைந்தது, வண்டி பறந்தது. ஆனால் ஊர் வாயைத் திறந்தது. அசுந்தா தன் கடையிலேயே, நான் ரொட்டி வாங்க நிற்கும்போதே, "சிலருக்குத் திமிர் ஏறிப்போச்சு, கைய ஆட்டிட்டுப் போறாங்க, மகாராணி மாதிரி" என்றார். காவல் தலைவர் நேராக வீட்டுக்கே வந்து, "என்ன அண்ணி, அண்ணன் படுத்ததும் மரியாதையும் படுத்துடுச்சா?" என்று கேட்டார். அன்று அவருக்குக் காபி கொடுத்தேன். இன்றைக்கு அதை நினைத்தால் எனக்கே ஆத்திரமாக வருகிறது.

6. ஊர் பேசியது என் கணவரைத்தான் அறுத்தது. மற்ற நேரத்தில் எதையும் கேட்காத மனிதர், "நின்னு பேசிட்டுப் போடி. நாளைக்கு என்னத் தூக்கிட்டுப் போறப்ப நாலு பேராவது வர வேணாமா?" என்றார். ஐயா, ஊசி ஏற்றி ஏற்றிப் புடைத்துக் கிடக்கும் கையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் இப்படிக் கேட்டால் யார்தான் மறுப்பார்கள்? மறுபடியும் ஒவ்வொருவருக்காகவும் இன்ஜினை அணைக்கத் தொடங்கினேன்.

7. அதன் பிறகு ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தபோதெல்லாம் அளவு குறையவே இல்லை, ஏறியிருந்தது. காவல் தலைவர் அதைக் கேட்டுவிட்டு, "என் வண்டியும் அப்படித்தான். ஆயிலே குடிக்காது, சும்மா ஊறுது!" என்று காபிக் கடையில் மார்தட்டினார். ஊறியது ஆயில் அல்ல, டீசல். பிப்போ பக்கத்துத் தீவில் மகள் பிரசவத்துக்குப் போயிருந்ததால் அப்போது எங்களுக்கு அதைச் சொல்ல ஆளில்லை.

8. திருவிழா நாள். டயாலிசிஸ் முடிந்து கணவரோடு வந்துகொண்டிருந்தேன். மற்ற தெருக்களை விழாவுக்காக அடைத்திருந்ததால், அன்று தேவாலயச் சதுக்கம் வழியாகத்தான் போக முடியும். கடைசி மேட்டில், நான் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் இன்ஜின் தானாகவே வேகமெடுத்தது. ஏறிப்போன ஆயில் காற்றுக்குழாய் வழியே உள்ளே போய், இன்ஜின் தன் ஆயிலையே குடித்து ஓடத் தொடங்கியிருந்தது. கிளட்சை மிதித்தேன். அலறியது. சதுக்கத்துக்குள் பிரேக் போட்டு நின்றபோது எதிரே புனிதரின் சுரூபம், அதைத் தூக்கியவர்கள், வாத்தியக் குழு, பிள்ளைகள் எல்லாரும் நின்றார்கள். பின்னால் நீலப் புகை மண்டியது. ஐயா, நான் உடனே சாவியைத் திருப்பி வெளியே எடுத்துவிட்டேன். சாவி டீசலைத்தான் நிறுத்தும். ஆயிலைக் குடித்து ஓடும் இன்ஜினுக்குச் சாவி ஒரு பொருட்டல்ல. சாகவே சாகாது என்று சொன்னவர் விழா உடுப்பில், பொன் சரிகை வைத்த வெள்ளைத் தொப்பியோடு என்னை நோக்கி ஓடி வந்தார்.

9. "அணைங்க! புனிதர் நிக்கிறார், அணைங்க!" என்று கத்தினார். நான் கையிலிருந்த சாவியைத் தூக்கிக் காட்டினேன். கூட்டம் சிரித்தது. "சாவியக் காட்டி நக்கல் பண்றீங்களா? என் உடுப்பையே அசிங்கப்படுத்துறீங்களா?" என்றார். அதற்குள் இன்ஜின் வெடித்துவிடும் போலத் துடித்தது. என் கணவருக்கு இறங்கத் தெம்பில்லை. மீன்பிடிப் படகு இன்ஜின்களோடு வாழ்ந்தவர், ஜன்னல் வழியே, "காத்த அடைடி! காத்து போற வாய அடை!" என்று கூவினார். பானெட்டைத் திறந்தேன். முன்பக்கத்தில் காற்றை இழுக்கும் குழாயின் வாய் இருந்தது. அதில் வைத்து அடைக்கக் கையில் எதுவும் இல்லை. காவல் தலைவர் இன்னும் ஒரு முழம் பக்கத்தில் வந்து, "அண்ணின்னு பாக்க மாட்டேன்" என்றார். நானும் கொழுந்தன் என்று பார்க்கவில்லை. தொப்பியை எடுத்து அந்த வாயில் வைத்தேன். இன்ஜின் அதைச் சப்பென்று இழுத்துக்கொண்டது, இருமியது, நின்றது. யாரோ "அற்புதம்! புனிதர் செய்த அற்புதம்!" என்று கூவ, வாத்தியம் தொடங்கிவிட்டது. பெயர் புனிதருக்குப் போனது, தண்டனை எனக்கு வந்தது.

10. பிறகு யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு காவல் தலைவர் ஆணையில் இரண்டு கேள்விகள் எழுப்பியிருக்கிறார். ஐந்தாவது கியரில் போட்டு, பிரேக்கை அழுத்திக் கிளட்சை விட்டு ஏன் நிறுத்தவில்லை என்பது முதல் கேள்வி. பிரேக் ஒரு நொடி பிடிக்காமல் போயிருந்தால் முன்னால் நின்ற பிள்ளைகள் மேல் வண்டி ஏறியிருக்கும். அந்தப் பிள்ளைகளில் முழவு வாசித்துக்கொண்டிருந்தவன் அவருடைய மகன். என் தோள் போர்வையை ஏன் பயன்படுத்தவில்லை என்பது இரண்டாம் கேள்வி. டயாலிசிஸ் முடிந்து வரும்போது ஆகஸ்ட் வெயிலிலும் என் கணவருக்கு உடம்பு நடுங்கும். போர்வை அவர் மேல் இருந்தது. தம்பிக்கு இது தெரியாது. ஒருநாளும் அந்த நிலையத்துப் பக்கம் அவர் வந்ததில்லை.

11. இப்போது வருகிறார். உரிமம் இல்லாததால் நான் ஓட்ட முடியாது. அண்ணனை அவரே நகராட்சிக் காரில் ஏற்றிப் போகிறார். இதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கிறது. சொல்ல மாட்டேன். வழியில் கண்டவருக்கெல்லாம் இன்ஜினை அணைத்துப் பேசி, என் கணவரைத் தாமதமாகக் கொண்டு சேர்க்கிறார். சென்ற வாரம் அவர் எங்கள் வாசலில் அண்ணனுக்குக் கைகொடுத்து இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில் நான் அந்தக் காரின் பானெட்டைத் திறந்து ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தேன். அரசு வாகனத்தில் கைவைத்த குற்றத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரல் அளவு ஏறியிருக்கிறது. மோந்து பார்த்தேன், டீசல் நாற்றம். சொன்னேன். "என் வண்டியப் பத்தி நீங்க பேசாதீங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். ஐயா, அந்தக் காரின் முன்சீட்டில் உட்கார்ந்து போகிறவர் என் கணவர்.

ஆகவே நான் கேட்பவை: என் மீதான ஆணையை ரத்து செய்து உரிமத்தைத் திருப்பித் தர வேண்டும். என் கார் பழுது நீங்கி, ஆயில் மாற்றி, பிப்போவின் பட்டறையில் தயாராக நிற்கிறது. நகராட்சிக் காரின் ஆயிலை மாற்றும்வரை அதில் நோயாளிகள் எவரையும் ஏற்றக் கூடாது என்று உத்தரவிட வேண்டும். நான் சொன்னால் கேட்காதவர் தாங்கள் சொன்னால் கேட்பார், அவருக்கு முத்திரை பதித்த தாள்தான் புரியும்.

அவ்விரண்டும் தாமதமாகும் என்றால், இம்மனுவுடன் அனுப்பியுள்ள பொருளையாவது இன்றே அவரிடம் சேர்ப்பித்து, எப்போதும் காரிலேயே வைத்திருக்கப் பணிக்குமாறு வேண்டுகிறேன். அது அந்தக் குழாயின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும். நான் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

தங்கள் நீதியை எதிர்பார்த்து, இன்னும் கோபம் தணியாத,

(ஒப்பம்)
ஜெர்லாண்டா ஷோர்த்தினோ

இடம்: கலாசேக்கா
நாள்: 19 செப்டம்பர் 2016

இணைப்பு: காவல் தலைவரின் விழாத் தொப்பி. துவைத்து இஸ்திரி போட்டது. ஆயில் கறை போகவில்லை.