விசுவாசப் பிரமாணம் ஒப்பிக்காத செல்லம்மாள்

1958 ஜூலை 13, ஞாயிறு

நடவு வேலைக்குப் போகும் இலஞ்சி செல்லம்மாளை மூன்று முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணத்தைத் தப்பில்லாமல் ஒப்பித்தவர்களை மட்டுமே ஞானஸ்நானத்துக்கு எங்கள் சபை குருவான ஐயரிடம் அனுப்ப வேண்டும். உபதேசியார் என்ற முறையில் அது என் பொறுப்பு. அவளுக்குப் பாதிக்கு மேல் வந்ததே இல்லை.

இன்று ஆராதனை முடிந்ததும் வந்து, "ஞானஸ்நானம் எடுத்துட்டேன் அய்யா" என்றாள். எந்தக் கோயிலில் என்று கேட்டேன். குற்றாலத்து ஐந்தருவியிலாம். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று தானே சொல்லிக்கொண்டு தண்ணீருக்குத் தலையைக் கொடுத்தாளாம்.

கத்திவிட்டேன். "அது செல்லாது. கீழ்ப்படியாம விசுவாசம் ஏது?"

"ஞானஸ்நானம் எடுன்னு ஆண்டவரு சொன்னதுக்குத்தான கீழ்ப்படிஞ்சேன்? நீங்க எடுக்கும்போது என்னத்த அய்யா ஒப்பிச்சீய?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தகுதி பாராமல் தேவன் தரும் கிருபையைப் பற்றிக் காலையில் பிரசங்கம் செய்தவன் நான். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது நான் நாற்பது நாள் பிள்ளை. தண்ணீர் பட்டும் முழிக்காமல் தூங்கினேன் என்று அம்மா சொல்லுவாள்.