நாற்பத்தொன்பதாம் நாள்

தம்பி பல்ஜோருக்கு,

நம் ஊர்ப் பக்கம் வருகிற ஒருவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அங்கே நிலநடுக்கம் வந்த அன்று போனில் அம்மாவைப் பற்றிக் கேட்டபோது, "தூங்கறாங்க அக்கா. இனி கூப்பிடாதே, வெளிநாட்டு போன் வந்தா போலீஸ் விசாரிக்க வந்துடறாங்க" என்றாய். அங்கே அப்போது நண்பகல்.

இங்கே சூரிச்சில் அகதிகளாக இருக்கும் நம்மவர்கள் உங்களுக்காகத் திரட்டி அனுப்பிய கம்பளிகளை எல்லையிலேயே திருப்பிவிட்டார்கள். "நம்ம கம்பளிய நாமளே போத்திக்க வேண்டியதுதான்" என்றாள் தோழி யுடோன்.

நிலநடுக்கத்தில் இறந்தவர்களுக்காக இங்கே வாராவாரம் பிரார்த்தனை நடந்தது. "உங்க வீட்ல யாரும்மா?" என்று லாமா கேட்கும்போதெல்லாம், "யாருமில்ல" என்றே சொல்லிவந்தேன். இன்று கடைசி நாள், இறந்தவரின் உயிர் மறுபிறவிக்குப் போய்விடும் நாற்பத்தொன்பதாவது நாள். அம்மாவின் பெயரைச் சொல்லிவிட்டேன். அவர் பெயருக்கு ஒரு வெண்ணெய் விளக்கும் ஏற்றினேன்.

அம்மா உயிரோடிருந்தால், இப்படிச் செய்ததற்கு என்னை நன்றாகத் திட்டச் சொல். இல்லையென்றால் நீ எதுவும் எழுத வேண்டாம்.

உன் அக்கா