மாப்பிள்ளைக் கார் சாய்கிறது

மே 12, திங்கள்

அப்பாவின் காரைக் கழுவினேன். தினமும் கழுவுகிறேன். அது இடப்பக்கம் சாய்ந்திருப்பது எனக்குத் தெரியவில்லை, ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது.

கண்டனூரில் நாங்கள் குடியிருந்து பார்த்துக்கொள்ளும் பெரிய வீட்டில் போன மாதம் ஒரு கல்யாணம். அப்பாவின் வெள்ளைக் கார்தான் மாப்பிள்ளைக் கார். வாசல் முற்றத்தில், தூண்களுக்கு முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். அதை யாரோ ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட, இன்னொருவர் 'மாப்பிள்ளை வர்றாரா, சரிஞ்சு விழுறாரா?' என்று எழுதிவிட்டார். கீழே வரிசையாகச் சிரிக்கிற மூஞ்சிகள்.

இன்று சென்னையிலிருந்து வீட்டுக்கார ஆச்சி போன் செய்தார். "சேவுகா, என் பேத்தி கல்யாணத்துக்கும் உன் காருதான்னு நெனச்சிருந்தேன். அது நொண்டுதாமே? நேராக்கி வையி. இல்லாட்டி மதுரையிலருந்து வேற காரு சொல்லிருவேன்."

அப்பா போனை வைத்துவிட்டு, காய்ச்சல் கண்ட மாட்டைத் தடவுவது போலக் காரைத் தடவிக்கொண்டு நின்றார். மாப்பிள்ளைக் கார் ஓட்டுகிற அன்று மட்டும்தான் அவர் சட்டையைத் தேய்த்துப் போடுவார்.

மே 15, வியாழன்

சின்னக்கருப்பு மாமா வந்தார். அம்மாவின் தம்பி, காரைக்குடியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். அவர் வந்தால் வீட்டில் வேறு யாரும் பேச முடியாது. எனக்கு அது வசதிதான்.

அம்மாவின் தையல் டேப்பை என்னிடம் கொடுத்து, தரையிலிருந்து சக்கரத்துக்கு மேலே இருக்கும் வளைவு வரைக்கும் அளக்கச் சொன்னார். அளந்தேன். இடதும் வலதும் ஒரே அளவு. சொன்னேன்.

"என்னது?"

மறுபடி சொன்னேன்.

"காத்துதான் வருது தாயி, சத்தம் வரல."

மூன்றாவது தடவை டேப்பில் விரல் வைத்துக் காட்டினேன். மாமா சிரித்தார். "டேப்பு பழசு, இழுத்துப் போச்சு. கண்ணு பொய் சொல்லுமா? அந்தத் தூணப் பாரு, காரப் பாரு."

பார்த்தேன். சாய்ந்துதான் இருக்கிறது. அப்படியானால் டேப்?

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். 'உள்ளேன் டீச்சர்' என்று நான் சொல்வது கேட்காமல், முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே பாதி நாள் ஆப்சென்ட். பத்தாவதோடு நான் நின்றதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்தது இதுதான்.

இடப்பக்க ஸ்பிரிங்குகள் உட்கார்ந்துவிட்டன என்பது மாமாவின் தீர்ப்பு. மதுரையில் கொஞ்சம் உயரமான ஸ்பிரிங்காகப் பார்த்து வாங்கி வருகிறாராம்.

மே 17, சனி

மாற்றியாயிற்று. நான் டார்ச் பிடித்தேன். "கிட்டக்க மூஞ்சியக் கொண்டாராத. அமுக்கி வச்ச ஸ்பிரிங்கு, விட்டா ராக்கெட்டாட்டம் கெளம்பும்" என்றார் மாமா. நான் பின்னால் நகர, டார்ச்சும் நகர, கொஞ்ச நேரம் மாமா இருட்டில் திட்டிக்கொண்டே வேலை பார்த்தார்.

காரை இறக்கியதும் அப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு தூணையும் காரையும் பார்த்தார். நேர்! மாமாவைக் கட்டிக்கொண்டார். அம்மா பழைய ஸ்பிரிங் ஒன்றைக் கழுவித் தண்ணீர்க் குடத்துக்குப் பிரிமணை ஆக்கிவிட்டார்.

மே 19, திங்கள்

டீக்கடையில் அப்பாவைக் கேட்டார்களாம்: "என்னப்பா, காரு இப்ப வலப்பக்கம் நொண்டுது?"

முற்றத்தில் நிறுத்தினால் நேர். ரோட்டுக்குப் போனால் வலப்பக்கம் சாய்வு. வலப்பக்கம் உட்காருவது அப்பா.

மாமா அப்பாவின் வயிற்றைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தார்.

"மச்சான், தப்பா நெனைக்காதீக. ஸ்பிரிங்குல ஒரு குத்தமும் இல்ல."

மே 20, செவ்வாய்

அப்பாவுக்கு இரண்டு இட்லி. சட்னி கிடையாது. "சட்னியில என்னடி வெயிட்டு இருக்கு?" என்று கேட்டார்.

மே 22, வியாழன்

பணியாரம். எனக்கும் அம்மாவுக்கும் மாமாவுக்கும் மட்டும். அப்பா கோபித்துக்கொண்டு காருக்குள் போய் உட்கார்ந்தார். கார் அமுங்குகிறதா என்று மாமா குனிந்து பார்த்தார்.

அம்மா என்னைக் காட்டிச் சொன்னார்: "இந்தக் காரும் நம்ம பிரியா மாதிரிதான். வீட்டுக்குள்ள நேரா நிக்குது, வெளிய போனா கோணிக்கிருது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மீதிப் பணியாரத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்துகொண்டேன்.

மே 23, வெள்ளி

எல்லாம் கண்ணேறு என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். நான்கு சக்கரத்துக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னார்.

வலப்பக்கம் நான் வைத்த பழம் மெதுவாக உருண்டு, காருக்கு அடியில் புகுந்து, இடப்பக்கம் வெளியே வந்து, மடைவாயில் போய் நின்றது. எடுத்து வந்து மறுபடி வைத்தேன். அதே வழி. "சாமி ஏத்துக்க மாட்டேங்குதே" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எனக்குச் சாமி நினைவு வரவில்லை, மழை நினைவு வந்தது. எவ்வளவு பெய்தாலும் இந்த முற்றத்தில் சொட்டுத் தண்ணீர் நிற்காது. அந்த மடை வழியாக ஊருணிக்குப் போய்விடும். வீடு கட்டியவர்கள் அதற்காகவே தரையைச் சரித்துப் போட்டிருக்கிறார்கள். தூணும் நேர். பழைய ஸ்பிரிங்கோடு காரும் நேராகத்தான் இருந்திருக்கிறது. தரைதான் சரிவு. ஐயோ — டேப் அன்றைக்கே சொன்னதே!

வாயைத் திறந்தேன். அப்பா பக்கத்துக்கு லாரி ஸ்பிரிங் போட்டால் என்ன என்று மாமா பேசிக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டேன்.

பிரிமணையிலிருந்து குடத்தைத் தூக்கிவந்து, வலப்பக்கச் சக்கரத்தடியில் அப்படியே கவிழ்த்தேன்.

"ஏன்டி, கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்று அம்மா கத்தினார்.

தண்ணீர் காருக்கு அடியில் ஓடி, இடப்பக்கம் வந்து, மடைக்குள் இறங்கியது. மாமா தண்ணீரைப் பார்த்தார். தூணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முதல் தடவையாக மாமாவுக்குச் சத்தம் வரவில்லை.

அம்மாதான் பேசினார்: "அதான் நான் மாக்கோலம் போட்டா அங்குட்டே இழுத்துக்கிட்டுப் போகுதா!"

அப்பா கேட்டது ஒன்றுதான். "அப்ப சட்னி?"

மே 24, சனி

பழைய ஸ்பிரிங்குகளைத் திரும்ப மாட்டினார்கள். அம்மா மனசே இல்லாமல் பிரிமணையைக் கொடுத்தார். ரோட்டில் நிறுத்திப் பார்த்தோம். நேர். அப்பா ஆச்சிக்குப் போன் போட்டு, "எங்க சத்தியப்பிரியாதான் கண்டுபுடிச்சா ஆச்சி, இந்தா பேசுங்க" என்று என்னிடம் நீட்டினார். நான் கொல்லைப்பக்கம் ஓடிவிட்டேன்.

மே 28, புதன்

பெரிய வீட்டில் ஆச்சியின் பேத்தி கல்யாணம்.

மாப்பிள்ளை வந்து இறங்கினார். காரைப் பார்த்து ஆச்சிக்கு முகமெல்லாம் சிரிப்பு. அப்போது போட்டோக்காரர், "காரு பக்கத்துலயே நில்லுங்க சார்" என்றார். அதே முற்றம். அதே தூண்கள். நேராக்கிய கார் அதே மாதிரி சாய்ந்து நின்றது!

அப்பா தேய்த்த சட்டையோடு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி இருந்தார். அவருக்கு எப்படித் தெரியும்? மாமா பந்தியில். அம்மாவைக் காணோம். கேமரா கண்ணுக்குப் போய்விட்டது. பக்கத்தில் ஒரு குடம்கூட இல்லை.

கத்தினேன். நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்கிய நேரமாகவா பார்த்து —

"அண்ணே! இங்க எடுக்காதீக! முத்தம் சரிவு! காரு நேரு!"

மொத்தக் கல்யாணமும் திரும்பியது. மாப்பிள்ளை திரும்பினார். மாமா கையில் பாதி வாழைப்பழத்தோடு எட்டிப் பார்த்தார்.

"அப்ப எங்குட்டு எடுக்கச் சொல்றீக?" என்றார் போட்டோக்காரர். என்னைத்தான்.

விரலால் காட்டவில்லை. "ரோட்டுல" என்றேன். அவருக்கு முதல் தடவையிலேயே கேட்டது.

ஜூன் 9, திங்கள்

போட்டோக்கள் வந்தன. குரூப்பில் ரோட்டில் எடுத்ததைப் போட்டிருக்கிறார்கள். கார் நேர். யாரும் ஒன்றும் எழுதவில்லை.

முற்றத்தில் நான் கத்தியபோது தவறுதலாக எடுத்துவிட்ட படத்தையும் போட்டோக்காரர் அனுப்பியிருக்கிறார். அதில் கார் சாய்ந்திருக்கிறது. மாப்பிள்ளையின் பின்மண்டை தெரிகிறது. ஓரத்தில், தூணை ஒட்டி நேராக நின்றுகொண்டு, வாயைப் பிளந்தபடி ஒருத்தி.

அப்பா அதைத்தான் பிரிண்ட் போட்டு ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்.

"இதுல காரு சாஞ்சிருக்கேப்பா" என்றேன்.

"இருக்கட்டும்" என்றார்.