நெட்டை வைத்துவிட்டுப் போன கம்பிகள்

மார்ச் 3

வெள்ளம் பாலத்தை அடித்துக்கொண்டு போனது, தபால்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தது, என் மகன் பிறந்தது, கிளி செத்தது, எல்லாம் ஒரே வருஷம். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்கிறேன், மருமகள் எழுதுகிறாள்.

காலையில் கார் ஷெட்டில் வேட்டுப் போட்ட மாதிரி சத்தம். டயர் வெடித்தது என்றார்கள். எனக்குத் தெரியும். கதவைத் தூக்கும் இரண்டு ஸ்பிரிங்கில் ஒன்று போய்விட்டது. கதவு தூக்க வராது, கார் உள்ளே மாட்டிக்கொண்டது. வெள்ளிக்கிழமை என் கிழவிக்கு ரத்தம் சுத்தம் பண்ண ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மார்ச் 4

மகன் புது ஸ்பிரிங் ஒன்று வாங்கி வந்தான். கையில் இரண்டு ஸ்க்ரூடிரைவர். "போன்ல பாத்துட்டேன்பா. அரை மணி நேர வேலை."

கதவு வேலையில் என்னோடு இருந்த கிளியும் ஸ்க்ரூடிரைவர்தான் வைத்திருந்தான். ஸ்பிரிங் தலைத் துளையில் கச்சிதமாக உட்காருவது முறுக்குக் கம்பி மட்டும்தான். அன்றைக்கு அது வேறு வீட்டு வேலையில் இருந்தது. போய் எடுத்துவரச் சோம்பல். ஸ்க்ரூடிரைவர் வழுக்கியது, தாடைக்குக் கீழே ஏறிவிட்டது. விசிலடித்துக்கொண்டே முறுக்குவான். பாதிப் பாட்டில் நின்றது.

இதை எழுதாதே என்றேன். எழுதிவிட்டாள்.

எங்கள் பழைய கூட்டாளி நெட்டைக்குப் போன் போட்டேன்.

மார்ச் 5

பஸ்ஸில் வந்தான், கம்பி இரண்டையும் துணியில் சுற்றிக்கொண்டு. "டேப்பு, இன்னும் போய்ச் சேரலையாடா?"

"நீ முன்னாடி போய் இடம் பிடி. நான் வரேன்."

எழுதத் தெரியாதவன், அளவெல்லாம் தலைக்குள் என்று மேஸ்திரி எனக்கு வைத்த பெயர் டேப்பு. மேஸ்திரி, கிளி, நெட்டை, நான். கதவு மாட்ட நாலு பேரும் சேர்ந்துதான் போவோம்.

நெட்டை கதவைத் தண்டவாளத்தோடு கிளாம்ப் போட்டு இறுக்கினான். ஸ்பிரிங்குக்கு நேராக நிற்காமல் ஒதுங்கி நின்றான். ஒரு கம்பி துளையில் உட்கார்ந்த பிறகுதான் மற்றதை உருவினான். கால் சுற்று, கால் சுற்று. மூச்சு இளைத்தது.

"நான் பண்றேன் சித்தப்பா."

"நீ போய் உங்கம்மா பக்கத்துல உக்காரு. மூஞ்சி உனக்கு இன்னும் வேணும்."

ஏணியிலிருந்து இறங்கியதும் நெஞ்சைத் தடவினான். வாயு என்றான்.

"இன்னொண்ணையும் மாத்திடுங்க. ரெண்டும் ஒரே நாள் மாட்டினது. ஒண்ணு போனா மத்ததும் பின்னாடியே போகும்."

"அது நல்லாத்தானே இருக்கு சித்தப்பா" என்றான் மகன்.

நெட்டை கம்பிகளை எடுத்துப்போகவில்லை. "எப்படியும் கூப்பிடத்தான் போறீங்க. எதுக்கு நான் சுமந்துக்கிட்டு அலையணும்?"

மார்ச் 6

கார் போய் வந்தது. கிழவி தூங்குகிறாள்.

மார்ச் 14

நெட்டையின் மகள் பேசினாள். "அப்பா போயிட்டாரு மாமா." நெஞ்சுவலியாம். இங்கிருந்து போனதிலிருந்தே சரியில்லையாம்.

நான்தானே கூப்பிட்டேன்? என் பிள்ளை மூஞ்சிக்கு அவன் நெஞ்சா? வாயுன்னானே — நானும் வாயுன்னு விட்டுட்டேனே. என்னடா நெட்டை இது.

மார்ச் 15

சாப்பிட்டேன்.

மார்ச் 27

இரண்டாவதும் போய்விட்டது. இன்றைக்கென்று ஆஸ்பத்திரி நாள். மகன் கடைக்கு ஓடி ஸ்பிரிங் வாங்கி வந்து, நெட்டையின் கம்பிகளை எடுத்துக்கொண்டான். "சரியான சாமான்தான் இருக்கே. அவர் பண்ணினதைப் பாத்தேனே."

நான் போய் ஏணிப் படியில் உட்கார்ந்துகொண்டேன்.

"எந்திரிங்கப்பா. நேரமாகுது."

"மாட்டேன்."

"சின்னப் பிள்ளை மாதிரி பண்றீங்க."

"ஆமா."

கிழவி சக்கர நாற்காலியில் இருந்தபடி சொன்னாள்: "டாக்ஸி கூப்பிடுடா. ஒரு நாள் டாக்ஸில போனா நான் கரைஞ்சிட மாட்டேன். அவரு எந்திரிக்க மாட்டாரு, எனக்குத் தெரியும்."

அவர்கள் போன பிறகும் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 29

கதவு ரிப்பேர்காரர் வந்தார். இரண்டு ஸ்பிரிங்கையும் மாற்றினார். சுத்தமான வேலை. இடுப்பு உயரத்தில் கையை விட்டால் கதவு அங்கேயே நிற்கிறது.

மூலையில் இருந்த கம்பிகளைப் பார்த்தார். "நல்ல கம்பி பெரியவரே. சும்மாதானே கிடக்கு, குடுங்களேன்."

"அதுக்கு ஆள் இருக்கு."

"யாரு?"

கிளி வெள்ளத்து வருஷமே போனான். மேஸ்திரி படுக்கையில் கிடந்து போனார். நெட்டை இந்த மாசம்.

"டேப்பு" என்றேன்.