பாயாவுக்கு வித்த மானியம்

17.11.2025, திங்கள்
மழை. ஆவடி ஸ்டேஷன் ஸ்டாண்டுல கணுக்கால் தண்ணி. மூணே சவாரி. நம்ம கேஸ் ஆட்டோவும் என்னை மாதிரியே காலையில எழுந்ததும் இருமுது. டிசம்பரோட எஃப்சி முடியுது, அப்புறம் ரோட்ல ஓட்ட முடியாது. இனிமே இதுல காசு போடாதேன்னு மெக்கானிக் கையை விரிச்சிட்டான். பழசை வாங்கிக்க ஆள் பாத்தாச்சு. அந்தக் காசும் கவர்மெண்ட் மானியமும் சேந்தா கரண்ட் ஆட்டோவுக்கு முன்பணம் சரியா இருக்கும். மானியம் வராட்டி? வராம எங்க போவும்.

19.11.2025, புதன்
பூந்தமல்லி ஷோரூமுக்குப் போனேன். ஃபிசான்னு ஒரு பொண்ணு, கம்ப்யூட்டர்ல கை ஓடறதே தெரியல. "மானியத்தை விலையிலயே கழிச்சிடுவோம் அங்கிள். உங்க ஆதாரையும் மூஞ்சியையும் மெஷின் ஒத்துக்கணும், அவ்ளோதான்"னு சொல்லுச்சு.

"பத்தொன்பது வருஷமா என் பொண்டாட்டியே இந்த மூஞ்சியை ஒத்துக்கலம்மா"ன்னேன். சிரிச்சுது. அப்புறம் கம்ப்யூட்டரைப் பாத்துச்சு, சிரிப்பு நின்னுடுச்சு.

"அங்கிள், உங்க ஆதார்ல ஏற்கெனவே ஒரு ஆட்டோவுக்கு மானியம் போயிருக்கு. ஒருத்தருக்கு ஒரு தடவைதான்."

அப்பதான் ஞாபகம் வந்துது. போன வருஷம் தீபாவளி! என் பொண்டாட்டி நாகவல்லியோட தம்பி சின்னசாமி. அவன் பேர்ல ஒண்ணு எடுத்தான். வாடகைக்கு விட இன்னொண்ணு வேணும்னு, "மாமா, சும்மா வந்து உன் மூஞ்சியைக் காட்டு"ன்னு கூட்டினு போனான். நானும் காட்னேன். திரும்பி வரசொல்ல ஆட்டுக்கால் பாயாவும் இடியாப்பமும் வாங்கிக் குடுத்தான். நல்லாத்தான் இருந்துது, அதையும் சொல்லணும்.

20.11.2025, வியாழன்
ஊட்ல சொல்லிட்டேன். நாகவல்லி கரண்டியைக் கீழ வெச்சா.
"மானியத்தை ஒரு கிண்ணி பாயாவுக்கு வித்தவன் ஆவடியிலயே நீ ஒருத்தன்தான்யா."
"ரெண்டு கிண்ணிமே. இடியாப்பம் வேற."
மச்சானுக்கு போன் போட்டேன். "அது முடிஞ்சிபோன மேட்டரு மாமா"ன்னு வெச்சிட்டான்.

21.11.2025
சவாரிக்குப் போவல. எழுதவும் ஒண்ணுமில்ல.

23.11.2025, ஞாயிறு
அவரைக்காய் நறுக்கினே இருந்தவ திடீர்னு சொல்றா, "என் பேர்ல எடு."

அவ அம்பத்தூர் எஸ்டேட்டுல எக்ஸ்போர்ட் கம்பெனியில செக்கர். சட்டைக்குப் பட்டன் சரியா கீதான்னு பாத்துத் தள்ளுற வேலை. அவளுக்கும் ஆதார் கீது, மூஞ்சி கீது. எனக்கு ஏன் தோணல?

"ஆனா ஒரு கண்டிசன். எனக்கு ஓட்டக் கத்துக்குடுக்கணும்."
"குடுக்கறேன். எஸ்டேட் காம்பவுண்டு சுவரையெல்லாம் முதல்ல இன்சூர் பண்ணச் சொல்லு."
அவ சிரிக்கல. சரிம்மே சரின்னேன்.

28.11.2025, வெள்ளி
கம்பெனிக்கு லீவு போட்டுட்டு வந்தா. ஃபிசா போனை அவ மூஞ்சிக்கு நேரா பிடிச்சி, "ஆன்ட்டி, வட்டத்துக்குள்ள மூஞ்சியை வெச்சிட்டுக் கண்ணைச் சிமிட்டுங்க"ன்னுச்சு.

வாயை வெச்சிகினு சும்மா இருந்திருக்கணும். "பொண்ணு பாக்க வந்தப்பகூட எனக்கு இப்டி சிமிட்டல"ன்னேன். அவ குபுக்குனு சிரிச்சிட்டா. பெயில். ரெண்டாவது தடவை நான் ஒண்ணும் சொல்லல, இருமுனேன், அவ்ளோதான். அவளுக்கு மறுபடி சிரிப்பு. மூணாவதும் பெயில். மெஷின் பூட்டிக்கிச்சு, இன்னைக்கு இனிமே எடுக்காதாம். ஃபிசா என்னைப் பாத்த பார்வை இருக்கே! "அங்கிள், மானியக் கோட்டா தீந்துகிட்டே வருது. எப்ப மூடுவாங்கன்னே தெரியாது."

பஸ் ஸ்டாப்புல நாகவல்லி அழுதா. முந்தானையால மூஞ்சியை மூடிக்கினு.
"ஒருநாள் சம்பளம் போச்சு. உனக்கு எல்லாமே வெள்ளாட்டு. அன்னைக்கும் இப்டித்தானே பண்ணே."
என்னைக்குன்னு கேட்டேன்.

ஒம்போது வருஷம் முன்னாடி ஆட்டோ ஓட்டக் கத்துக்குடுன்னு கேட்டாளாம். நான் அதை ஸ்டாண்டுல போய்ச் சொல்லி, அவ கிளட்ச்சைப் பிடிக்கிற மாதிரி நடிச்சுக் காட்னேனாம். ஸ்டாண்டே சிரிச்சிதாம். அப்புறம் அவ அந்தப் பக்கம் போனாலே, "இன்னா நாகா, சவாரி வருமா?"ன்னு எவனாவது கேப்பானாம். அன்னியிலிருந்து அவ ஸ்டாண்டு வழியா வர்றதே இல்ல. பின்பக்கம் சுத்தினு போய்த்தான் ரயில் ஏறுறா.

ஒம்போது வருஷமா. நானும் அந்த ஸ்டாண்டுலதானே உக்காந்துகினு கீறேன். ஒருநாள்கூட இவ ஏன் இந்தப் பக்கம் வரலன்னு கேட்டேனா?

29.11.2025
நாகவல்லி சோறு மட்டும் போட்டா.

2.12.2025, செவ்வாய்
விடாத மழை. ஷோரூம் திறக்கல. ஃபிசா போன்ல, "வியாழக்கிழமை வந்துடுங்க அங்கிள், அதுக்கப்புறம் என்னால சொல்ல முடியாது"ன்னுச்சு. கோட்டா போச்சுன்னா பழைய வண்டியை வித்த காசு கையில இருக்கும், ஓட்ட வண்டி இருக்காது. சாமியாவது கூட நிக்கட்டும்.

4.12.2025, வியாழன்
நான் உள்ளயே போவல. எதிர்ல டீக்கடையில நின்னுட்டேன். மழை சாரல் டீயில விழுது, குடிக்கத் தோணல. கண்ணாடி வழியா அவ முதுகு மட்டும் தெரியுது. ஃபிசா போனைத் தூக்குது, இறக்குது. மறுபடி தூக்குது. ஐயோ, இன்னைக்கும் சிரிச்சிட்டாளா? நான்தான் அங்க இல்லியே!

நாகவல்லி திரும்பி என்னைப் பாத்தா. கட்டை விரலைத் தூக்கிக் காட்னா.

மானியச் சீட்டு அவ போனுக்கே வந்துடுச்சு. ஃபிசா பிரிண்ட் எடுத்துக் குடுத்துச்சு, அதுல கையெழுத்தைத் தமிழ்ல போட்டா, நாகவல்லின்னு முழுசா. அப்புறம் வண்டி பக்கத்துல நிக்கவெச்சி ஒரு போட்டோ. நல்லா வந்துருக்கு. இதை அவகிட்ட சொன்னேன், கூட ஒரு வார்த்தை கிண்டலா சேக்காம.

5.12.2025
ஸ்டாண்டுல சொல்லிட்டேன்: "நாகாவைப் பத்தி இனிமே ஒருத்தனும் பேசக்கூடாது. ஆரம்பிச்சது நான், தப்பு என்னுது." கூட ஆட்டோ ஓட்டுற உஸ்மான் கனி பாய் என் நெத்தியைத் தொட்டுப் பாத்தாரு. "ஜுரம் இல்லியே நைனா!"

12.12.2025, வெள்ளி
வண்டி வந்துடுச்சு. பேப்பர்ல ஓனர் நாகவல்லி. அவ ஓட்டக் கத்துக்க எல்எல்ஆரும் கைக்கு வந்தாச்சு. ஓட்டினா சத்தமே இல்ல. பின்னாடி உக்காந்து அவ பேசற ஒவ்வொரு வார்த்தையும் கேக்குது. "இவ்ளோ நாளா ஒண்ணுமே கேக்கலியா?"ன்றா. கேஸ் ஆட்டோவைக் கொற சொல்லித் தப்பிச்சேன்.

21.12.2025, ஞாயிறு
கோவில்பதாகை ஏரிப்பக்கம் காலி கிரவுண்டு. இந்த வண்டியில கியரும் இல்ல, கிளட்ச்சும் இல்ல. என் இடதுகை பழக்கத்துல காத்தைப் பிடிக்குது. அவளுக்கு மறக்க ஒண்ணுமில்ல, அரை மணி நேரத்துல எட்டுப் போட்டா. சின்னசாமி பாக்க வந்தான். "அக்கா, சூப்பர்!"ன்னான். "பாயா எங்கடா?"ன்னு கேட்டா அவ.

28.12.2025, ஞாயிறு
எல் போர்டு மாட்டிக் காலையில கிளம்பினோம். நான் பக்கத்துல ஒட்டி உக்காந்தேன். கிரவுண்டுக்குத் திரும்பாம நேரா போனா. "எங்கமே?"ன்னேன். ஆக்சிலேட்டரை முறுக்கினா. ஸ்டேஷன் ரோடு. பின்பக்கம் இல்ல, முன்பக்கம்.

ஸ்டாண்டுல ஏழெட்டு வண்டி. சத்தமில்லாம போய் நின்னதுல ஒருத்தனும் கவனிக்கல. அப்புறம் எல்லாருமே கவனிச்சானுங்க. வாயைத் திறக்க ஆளில்ல. எனக்கு நாக்கு நுனியில மூணு ஜோக்கு நிக்குது. முழுங்கிட்டேன்.

"ஸ்டேஷன் வந்துடுச்சு. எறங்கு சார்"ன்னா. எறங்கினேன். கையை நீட்னா.
"சில்லறையா குடு சார்."

பாய்தான் மொதல்ல சிரிச்சாரு. அப்புறம் மொத்த ஸ்டாண்டும். அவளும் சிரிச்சா, மூஞ்சியை மூடாம. பாக்கெட்ல பத்து ரூபாதான் இருந்துது. குடுத்தேன். ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கினு முன்னாடி டப்பாவுல வெச்சா.

போணி.