ராசியில்லாத கை

மார்ச் 4

அன்புச் சிறுசுக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் பேசினால் ஐந்தாவது நிமிஷம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது, அதனால் கடிதம். விரலை மடக்கி எழுதுவது கைக்கும் நல்லது என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்.

உன் ஊர் ஆஸ்பத்திரியில் நீ சேர்ந்திருக்கிறாயே, அதே மருந்து ஆய்வில் இங்கே நானும் நேற்றுச் சேர்ந்துவிட்டேன். அம்மா நமக்கு வளையல்களைத்தான் பங்கு போட்டாள் என்று நினைத்திருந்தோம். முடக்குவாதத்தையும் சரிபாதியாகத்தான் பிரித்துக் கொடுத்திருக்கிறாள்.

பதினான்கு பக்கப் படிவத்தை நர்ஸ் வாசித்துக் காட்டினாள். "பாதிப் பேருக்குப் புது மருந்து, பாதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கிற, மருந்தே இல்லாத மாத்திரை. பழைய மருந்தை யாருமே நிறுத்தக் கூடாது. யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. வேண்டாம்னு தோணினா எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம்" என்றாள். குலுக்கல் என்றதுமே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. என் கை எவ்வளவு ராசியில்லாத கை என்று உனக்குத் தெரியாதா?

ஒரு கருவியைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். வலது கையில் ஆறு கிலோ. இதை வைத்துக்கொண்டு கத்தரிக்கோல் பிடிக்க முடியுமா? கடையில் துணி வெட்டுவதை ஆளிடம் விட்டுவிட்டு, நான் பட்டன் டப்பாவுக்குக் காவல் இருக்கிறேன். உனக்கு எத்தனை கிலோ? மறைக்காமல் எழுது.

உன் அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

உன் கோழி கிளறலை ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டேன். எனக்கும் முதலில் ஆறுதான் வந்தது. போன வாரம் பதினொன்று! நேற்று ஊறுகாய் பாட்டில் மூடியை நானே திறந்தேன். என் வீட்டுக்காரர் ஏதோ அதிசயம் நடந்த மாதிரி அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பில் ஒரு முழுக் கணக்கைக் கரும்பலகையில் எழுதி முடித்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

உனக்கும் சீக்கிரம் சரியாகும். நேரத்துக்குச் சாப்பிடு, மாத்திரையை மறக்காதே.

உன் சிறுசு


ஏப்ரல் 11

சிறுசுக்கு,

மூடி திறந்த கதையை எனக்கு எழுத உனக்கு எப்படியடி மனசு வந்தது?

உன் கடிதத்தை நான் படிக்கவே இல்லை, பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வரி நேராக இருக்கிறது. சுழி சுழியாகவே இருக்கிறது. ஜனவரியில் நீ அனுப்பிய வாழ்த்து அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வயிறு எரிந்தது. உள்ளதைச் சொல்கிறேன், எரிந்தது. எனக்கு ஆறு இப்போது ஐந்தரை.

என் பாட்டிலில் இருப்பது வெறும் மாவு. நாக்கில் வைத்துப் பார்த்தேன், லேசாகத் தித்திக்கிறது. மருந்து எங்கேயாவது தித்திக்குமா? நர்ஸிடம் கேட்டால், "எல்லாத்துக்கும் மேல அதே பூச்சுதான்மா" என்கிறாள். அவளுக்கே எதுவும் தெரியாதாம், அவள் என்ன சொல்வது!

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் பாட்டிலிலிருந்து இருபது மாத்திரை எனக்குத் தபாலில் அனுப்பு. என்னுடையதில் இருபது உனக்கு அனுப்புகிறேன். எண்ணிக்கை சரியாக இருக்கும், யாருக்கும் தெரியாது. நீதான் ஏறிவிட்டாயே, இருபது நாளில் இறங்கிவிட மாட்டாய்.

அக்கா


ஏப்ரல் 20

அக்கா,

கோபித்துக்கொள்ளாதே. அனுப்ப மாட்டேன்.

என் பாட்டிலில் இருப்பது மருந்தென்றால், அது இன்னும் யாருக்கும் முழுசாகத் தெரியாத மருந்து. பதினைந்து நாளுக்கு ஒரு முறை என் ரத்தத்தை எடுத்து ஈரலைப் பார்க்கிறார்கள். அதை நீ திருட்டுத்தனமாகச் சாப்பிட்டு ஏதாவது ஆனால், எதனால் ஆனது என்று யாருக்குத் தெரியும்? நாம் மாற்றிக்கொண்டால் மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்ற கணக்கும் குழம்பிப் போகும். நம்மைப் போலக் கை மடங்கிக் கிடக்கிற எத்தனையோ பேர் அந்தக் கணக்கைத்தான் நம்பப் போகிறார்கள்.

எதற்கு இந்தக் குலுக்கல் என்று இங்குள்ள நர்ஸிடம் கேட்டேன். "மனுஷங்க கையில விட்டா, பிடிச்சவங்களுக்கு நல்ல பாட்டில் போயிடும்க்கா. அதான் சீட்டை யார் கையிலயும் கொடுக்கல" என்றாள். அதைக் கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

சிறுசு


மே 1

தங்கைக்கு,

கணக்கு டீச்சர் கணக்கைக் காப்பாற்றிவிட்டாய். சந்தோஷம்.

சீட்டில் ஜெயித்தவள் நியாயம் பேசுவது சுலபம். ஜன்னலோரப் படுக்கைக்குச் சீட்டு, உனக்கு வந்தது. சைக்கிளுக்குச் சீட்டு, அதுவும் உனக்கு. போகட்டும். ஒருத்தியைத்தான் வெளியூர்க் கல்லூரிக்கு அனுப்ப முடியும் என்று அப்பா சொன்னாரே, அன்றைக்குப் போட்ட சீட்டு? இரண்டு பேருமே படிக்கிறவர்கள்தான், பெரிசா சிறுசா என்று குலுக்கிப் பார்த்துவிடலாம் என்றார். டம்ளருக்குள் கையை விட்டு எடுத்தவள் நான். பிரித்தால் "சிறுசு".

நீ பெட்டி கட்டினாய். நான் தையல் வகுப்பில் சேர்ந்தேன். அப்பாவையோ உன்னையோ நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்தக் கையைத்தான் முப்பத்திரண்டு வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது அதுவும் மடங்கிவிட்டது. நீ மட்டும் இன்னும் ஜெயித்துக்கொண்டே இருக்கிறாய்.

இனி கையைப் பற்றி எனக்கு எழுதாதே.

அக்கா


ஜூன் 9

அக்கா,

எழுத்தைப் பார்த்ததுமே உனக்குப் புரிந்திருக்கும். இதை எழுத மூன்று நாள் ஆனது.

என்னை ஆய்விலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஈரல் எண்கள் நான்கு மடங்கு ஏறிவிட்டன. வைத்தியம் பார்க்க வேண்டுமே என்று என் சீட்டை மட்டும் பிரித்துப் பார்த்தார்கள். நீ நினைத்தது சரி, எனக்கு வந்தது மருந்துதான். நிறுத்திய பிறகு எண்கள் இறங்குகின்றன, பயப்படாதே. கையும் இறங்கிவிட்டது. ஐந்து. அந்த இருபது மாத்திரையை உனக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அக்கா, சீட்டு எழுதுவது எப்போதும் நான்தான் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "சின்னவ எழுத்து முத்து முத்தா இருக்கு, அவளே எழுதட்டும்" என்பார் அப்பா. படுக்கைக்கும் சைக்கிளுக்கும் ஒழுங்காகத்தான் எழுதினேன், சத்தியமாக. கல்லூரிக்குப் போட்ட அன்றைக்கு இரண்டு சீட்டிலும் "சிறுசு" என்றே எழுதினேன். நீ எதை எடுத்திருந்தாலும் அதுதான் வந்திருக்கும். இன்னொன்றைக் குளியலறையில் கிழித்துத் தண்ணீர் ஊற்றினேன். நீ என்னைக் கட்டிக்கொண்டு, "நல்லா படிடி" என்றாய்.

அப்பா போகும்போது சொல்ல நினைத்தேன். அம்மா போகும்போதும் நினைத்தேன். தைரியம் வரவில்லை. முப்பத்திரண்டு வருஷமாக உன் கையைத் திட்டிக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தாயே, அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

சிறுசு


ஜூன் 17

சிறுசுக்கு,

உன் கடிதத்தின் உறையைப் பார்த்ததும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிவதற்கு முன்பே, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன் எழுத்து என் எழுத்தை விடக் கேவலமாக இருந்தது. அப்படிச் சந்தோஷப்பட்டவள்தான் இதை எழுதுகிறாள், தெரிந்துகொள்.

அப்புறம் படித்தேன். கடையைப் பாதியில் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன். உன் அத்தான், "என்னாச்சு, கை வலியா?" என்றார். இல்லை என்று சொல்லி, வலது கையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பாவம், அது ஒரு தப்பும் செய்யவில்லை. அதை எத்தனை தடவை திட்டியிருப்பேன்! சுவரில்கூட ஒரு தடவை அடித்திருக்கிறேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதிப் பார்த்தேன். வரவில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன். ஈரல் எண் என்னவென்று வாராவாரம் எழுது, அது வேறு விஷயம்.

என் ஆய்வு இன்னும் முடியவில்லை. விலகவில்லை. என் பாட்டிலில் இருப்பது மாவோ மருந்தோ, கடைசி மாத்திரை வரை சாப்பிடுவேன். எனக்காக நியாயமாகப் போட்ட ஒரே சீட்டு அதுதான் போலிருக்கிறது.

இத்துடன் இரண்டு சீட்டு மடித்து வைத்திருக்கிறேன். யார் யாரைப் பார்க்க வருவது என்று முடிவு செய்ய. இந்தத் தடவை எழுதியது நான். இரண்டிலும் "சிறுசு" என்றுதான் இருக்கிறது. டம்ளரில் போட்டுக் குலுக்கி, உன் கையாலேயே எடு. எடுத்துக்கொண்டு வந்து, எனக்கு எழுதினாயே, அதை என் எதிரில் உட்கார்ந்து வாயால் சொல்.

பெரிசு