கயிறு யார் கையில்

இன்று காலை தெருமுனை சைக்கிள் கடையில் ஒரு புது டியூபைப் பிரித்தார்கள். வெள்ளைப் பவுடரும் ரப்பரும் கலந்த வாடை வந்தது. காய்கறி வாங்கப் போய்க்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். உங்கள் கடல் உடுப்பின் வாடை அது.

மஸ்கட்டிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்கள் தங்கமும் டேப்ரிக்கார்டரும் கொண்டுவந்தார்கள். நீங்கள் கொண்டுவந்தது அந்தக் கறுப்பு உடுப்பும், காற்று அடைக்கும் சிலிண்டரும், கடலுக்கடியில் நீந்தத் தகுதி பெற்றவர் என்று உங்கள் படம் ஒட்டிய சான்றுச் சீட்டும்தான். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அப்படியொரு சீட்டு வைத்திருந்த வேறொருவரைப் பாளையங்கோட்டையில் நான் கேள்விப்பட்டதில்லை.

கூடவே ஒரு பயிற்சிப் புத்தகமும் வந்தது. நீங்கள் அதில் மீன் படங்களை மட்டும் பார்ப்பீர்கள். நான் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தேன். கான்வென்டில் எங்களை எந்தப் புத்தகத்தையும் பாதியில் மூட விட்டதில்லை. அதில் திரும்பத் திரும்ப ஒரு விதி இருந்தது: யாரும் தனியாக இறங்கக்கூடாது. ஒருவருக்குக் காற்று தீர்ந்தால் கொடுப்பதற்குப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். உங்களுக்கு ஜோடி யார் என்று கேட்டேன். யாரோ ஒரு புரொபசர், நல்ல மனுஷன் என்றீர்கள். செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. ஞாயிறுதோறும் முதல் பேருந்தில், கடலில் இறங்கப் புன்னைக்காயலுக்குப் போவீர்கள். இரண்டு பேருக்குப் புளியோதரை கட்டித் தருவேன். புரொபசருக்கு எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், சர்க்கரை உண்டா என்று கேட்டால் ஒன்றும் தெரியாது என்பீர்கள். மற்ற மனைவிமார் சந்தேகப்படுகிற விதத்தில் நான் உங்களைச் சந்தேகப்படவில்லை. அதற்கெல்லாம் உங்களுக்குப் பொறுமை கிடையாது. ஆனால் அந்தப் புரொபசர் இல்லவே இல்லை என்று எனக்குப் பட்டது.

பிறகு ஒரு ஞாயிறு மாலை, திரும்பி வந்த தூக்குச்சட்டியின் மூடியில், பொறுக்கியெடுத்த கடலைப்பருப்பு ஒட்டியிருந்தது. பல்வலிக்குப் பயந்து அப்படி ஒதுக்குகிறவன் எனக்குத் தெரிந்து ஒருவன்தான். பேட்டையில் லேத்துப் பட்டறை வைத்திருந்த என் தம்பி. பேருந்தில் ஏறினாலே வாந்தி எடுப்பவனுக்குக் கடலில் என்ன வேலை?

அடுத்த ஞாயிறு ஒரு வாடகைக் கார் பிடித்து உங்கள் பின்னாலேயே வந்தேன். படகில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். தம்பி என்னைக் கண்டதும் படகின் மறுபக்கம் போய் நின்றுகொண்டான். புரொபசர் யாரும் இல்லை.

படகுக்காரர் பரம்பரையாகச் சங்கு குளித்த குடும்பத்தவர். கழுத்தில் ஜெபமாலை, கையில் பீடி. சீட்டு வைத்திருந்தால் ஆளைத் தனியாக இறக்கிவிடுவீர்களா என்று நேராகக் கேட்டேன்.

"சீட்டு தண்ணிக்குள்ள என்னம்மா செய்யும்?" என்றார். "கயிறு யாரு பிடிக்கான்னுதான் நாங்க கேப்போம். பெண்டாட்டி கூடப்பொறந்தவன் பிடிச்சா தனியா இறக்குவோம். வேற எவன் பிடிச்சாலும் மாட்டோம்."

அவர் தாத்தா காலத்திலிருந்தே அப்படித்தானாம். குளிக்க இறங்குகிறவன் இடுப்புக் கயிற்றின் மறுமுனை மச்சினன் கையில் இருக்க வேண்டும். அவன் கையில் இருப்பது அக்காளின் தாலி. அதனால் கண்ணயர மாட்டான்.

"அயர்ந்துட்டாம்னா அக்கா பெட்டி படுக்கையோட அவன் வீட்டுக்குல்லா வந்துருவாவ. அந்தப் பயம் போதும்."

படகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை.

"ஏதாவது ஆகிவிட்டால் பழி எங்கள் வீட்டோடு முடிந்துவிடும். உங்கள் படகுக்கு வராது. அதுதானே இந்த வழக்கம்?" என்றேன்.

பீடியைத் தண்ணீரில் எறிந்துவிட்டு என்னைப் பார்த்தார். "அதுவும் உண்டும்மா."

அவ்வளவு சட்டென்று ஒப்புக்கொள்கிறவர்களிடம் எனக்குச் சந்தேகம் கூடத்தான் செய்யும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படகில் ஏறினேன். பொம்பளைகளை ஏற்றுவதில்லை என்று பின்னாலிருந்து ஒருவர் முனகினார். பெண் வீட்டு ஆள்தானே வேண்டும், பெண்ணே வருகிறேன் என்றேன். படகுக்காரர் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

கரை கோடாகத் தேய்ந்தபிறகு நீங்கள் இறங்கினீர்கள். கொஞ்சநேரம் குமிழிகள் தெரிந்தன, பிறகு அவையும் அலையோடு கலந்துவிட்டன. தம்பி விளிம்பில் தலையைத் தொங்கப்போட்டுக் குமட்டிக்கொண்டிருந்தான், கயிறு மட்டும் அவன் கையில். இந்தக் கையை நம்பியா வாராவாரம் இறங்கினீர்கள்? கயிற்றை நான் வாங்கிக்கொண்டேன். மேலிருந்து ஒரு முறை இழுத்தால் "சுகமா" என்று கேட்பதாம். கீழிருந்து ஒரு முறை இழுத்தால் "சுகம்" என்று அர்த்தமாம். இழுத்தேன். இழுத்தீர்கள். ஏதாவது பெரிய மீன் இடித்ததாகக்கூட இருக்கலாம் என்று தோன்றியது. மறுபடி இழுத்தேன்.

மேலே வந்து முகக்கண்ணாடியைக் கழற்றியதும் நீங்கள் கேட்டீர்கள்: "இன்னைக்குக் கயிறு உன் கையிலயா இருந்துச்சு?"

எப்படித் தெரியும் என்றேன்.

"ஒரு மீனை நின்னு பாக்க விட்டியா நீ? உன் தம்பி பிடிச்சா இத்தனை கேள்வி வராது."

திரும்பும் வழியில், ஏரல் தாண்டி ஆற்றங்கரை வாழைத்தோப்புகள் வந்தன. அங்கே ஒன்றே ஒன்று கேட்டேன். தம்பி வராத நாளில் என்ன செய்வீர்கள்? வராத நாள் இறங்க மாட்டேன் என்றீர்கள். நான் கேட்டு முடிப்பதற்குள் வந்துவிட்டது அந்தப் பதில். தேடிச் சொல்கிற பதிலைத்தான் நான் நம்புவேன். ஆனாலும் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. தண்ணீரிலிருந்து ஏறும்போது உங்கள் முகம் இருந்த இருப்பை நான் வீட்டில் பார்த்ததில்லை. முழங்கால் மடங்காமல் போகும்வரை போனீர்கள். கேள்வி எனக்குள் அப்படியே இருந்தது.

கடைசியில் கடல் உங்களை ஒன்றும் செய்யவில்லை. ஆஸ்பத்திரியில், ஒரு பிற்பகலில், நர்ஸ் என்னை மாத்திரை வாங்க அனுப்பினாள். வாங்கிக்கொண்டு வந்தபோது அறைக்கதவு சாத்தியிருந்தது.

தம்பி கோடிச் சேலையோடு வந்தான். பேட்டைக்கு வந்து தன்னோடு இருக்கச் சொன்னான். என் வீட்டில் நான் இருப்பேன் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் போனதற்குத் துட்டி கேட்கப் படகுக்காரரும் வந்திருந்தார். பந்தலில் ஓரமாக, சட்டைப் பொத்தானை மேல்வரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். இருந்தாலும் போய்க் கேட்டேன். என் வீட்டுக்காரரை ஒருநாளாவது என் தம்பி இல்லாமல் இறக்கினீர்களா?

அவர் எழுந்து நின்றார். "இறக்கினேம்மா. அன்னைக்குத் தம்பிக்குக் காய்ச்சல். அண்ணாச்சி சீட்ட எடுத்துக் காட்டுனாவ. சீட்டுக்காக இறக்கல, அந்த மொகத்துக்காக இறக்கினேன். கயித்த நாந்தான் பிடிச்சேன்."

"நீங்கள் எங்கள் வீட்டு ஆள் இல்லையே."

"இல்லம்மா. அதான் அன்னைக்கு முழுக்கக் கை நடுங்குச்சு."

அந்த ஒருநாள்தானா என்று கேட்டேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவரை நான் முழுதாக நம்பவில்லை. ஆனால் அந்தக் கை நடுங்கியதை நம்புகிறேன்.

கான்வென்டில் சொல்லித்தந்த சாமியையும், உங்கள் நெல்லையப்பரையும் இவ்வளவு காலம் ஒரு குறையும் வைக்காமல் கும்பிட்டவள் நான். இப்போது இருவரிடமும் எனக்குச் சந்தேகம். இந்த முறை உங்களைத் தனியாக இறக்கியவர் யாராக இருந்தாலும், கயிறு யார் கையில் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். ஒரு படகுக்காரருக்குத் தெரிந்த முறை அது. கேட்காததை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.